அண்ணி சுற்றிய நாலு வீதி

காலையில் உடம்பு இளைக்க நடப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, தங்கள் உடம்புக்காகத்தான் நடக்கிறோம் என்பதில் துளி வெட்கமும் இல்லாமல் அவர்கள் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தைரியத்தில் கால்வாசி இருந்திருந்தாலும் என் அண்ணி இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கடலூரில் பிறந்து வளர்ந்த நான் அறுபதுகளின் தொடக்கத்தில் சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது, அதே தெருவில் சில வீடுகள் தள்ளி அவர் குடியிருந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. அவர் கணவர் "ஏய்" என்பார். தம்பி "அக்கா" என்பார். தெருவுக்கு அவர் தாலுகா ஆபீஸ்காரர் வீட்டம்மா. சென்ஸஸ் எடுக்க வந்தவர் ஒருமுறை பெயரைக் கேட்டபோது, யாருடைய பெயரைக் கேட்கிறார் என்று அண்ணி பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்தேன். இப்போது அது சிரிப்பாக இல்லை.

அவருக்கு நல்ல பெரிய உடம்பு. குதிரை வண்டியில் ஏறினால் வண்டிக்காரர், "முன்னாடி தள்ளி உக்காருங்கம்மா, வண்டி தூக்குது" என்று மற்றவர்களிடம் சொல்வதை விட இரண்டு தரம் கூடச் சொல்வார். அண்ணி ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் குதிரையின் முதுகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "பாவம் குதிரை" என்பார். அந்த உடம்பும் அவர் ஆசைப்பட்டுத் தின்று வந்ததில்லை. தனக்கென்று ஒரு தோசை ஊற்றிக்கொண்டதை நான் பார்த்ததே கிடையாது. கணவர் மிச்சம் வைத்தது, விருந்தாளி வேண்டாம் என்றது, என் கணவர் சாப்பிட வராமல் போன அன்றைக்கு அவருக்காக எடுத்து வைத்தது என்று எல்லாம் அவர் வயிற்றுக்குள் போயிற்று. "கொட்ட மனசு வரல" என்பார்.

இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. தனக்கு என்று ஒன்றும் செய்துகொள்ளத் தெரியாத மனுஷியோடு பழகுவது லேசான காரியமில்லை. நாம் சாதாரணமாக ஒரு காப்பி குடித்தால்கூட ஏதோ பேராசைக்காரி போல நமக்கே தோன்றும்.

கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டும்போது அண்ணியைப் பார்க்க வேண்டும். தீட்சிதர் கேட்பதற்கு முன்பே மடமடவென்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். கணவர் கேட்டை, தம்பி திருவோணம், நான் சதயம், எங்கள் அப்பா அனுஷம். பால் ஊற்றுகிறவரின் மகனுக்குக் கூட நட்சத்திரம் வைத்திருந்தார், அவன் பரணி. எல்லாம் முடிந்ததும் தீட்சிதர், "அம்மாவுக்கு?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார்.

"எனக்கு இன்னா சாமி, இவுங்கல்லாம் நல்லா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தது என் அம்மா. ஒரு தடவை என்னோடு கடலூருக்கு வந்திருந்தபோது, கொல்லையில் அவர் போய் வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அம்மா பார்த்துவிட்டார். அப்பா எங்களை மஞ்சக்குப்பத்தில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் சர்க்கரை. அண்ணியின் குழாய் செங்கல் நிறத்துக்குப் போனது.

"மாத்திரை எழுதித் தரேன்" என்றார் டாக்டர். "ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிய நீங்க நடந்து செய்யணும். ஒடம்பு எளைச்சே ஆகணும். இல்லன்னா ஒவ்வொண்ணா போவும். கண்ணு, காலு, கிட்னி."

"எங்க நடக்கணும் டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"எங்க வேணா நடங்க."

"எங்கன்னு நீங்க சொல்லிட்டா நல்லது."

"எங்கயும் போறதுக்காக இல்லம்மா. சும்மா நடக்கணும்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். சும்மா நடப்பது என்றால் என்னவென்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. டாக்டர் பொறுமைசாலி. புதிதாக நடக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எடுத்துச் சொன்னார். முதலில் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினால் போதும். பழகப் பழகத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கையை வீசிக் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும், ஆனால் கூட வருகிறவரோடு பேச முடிகிற வேகம்தான். பேச்சு நின்று மூச்சு வாங்கினால் நடையைக் குறைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பு போய்விட வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு. வெறுங்கால்ல நடக்கவே கூடாது. சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல ஒரு முள்ளு குத்துனாலும் ஆறாது. தெனம் மூஞ்சியக் கண்ணாடியில பாக்குறீங்க இல்ல, அதே மாதிரி உள்ளங்காலையும் பாருங்க."

"சரிங்க டாக்டர்" என்றார் அண்ணி. யார் எது சொன்னாலும் அவர் சரி என்பார்.

அன்றைக்கே திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அவருக்கு நீல வார் போட்ட ரப்பர் செருப்பு வாங்கினேன். கடைக்காரர் அவர் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நீயும் ஒண்ணு எடுத்துக்கியேன்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். ஸ்டேஷனில் ரயிலுக்காக நிற்கும்போது எடை பார்க்கும் மெஷினில் அவரை ஏற்றினேன். காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றி, ஒரு சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடையைப் பார்த்து அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தார். முயற்சி பலிக்கும், வீட்டில் மங்கள காரியம் நடக்கும் என்று இருந்தது.

"இந்தா, இது உனக்குச் சொன்னது" என்று அட்டையை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஊருக்கு வந்து முதல் நாள் விடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனை போவதற்குள் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வாளியை வைத்துவிட்டார்கள். "இன்னாக்கா இந்நேரத்துல? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லயா?" என்று ஒருத்தி. "அண்ணன் இன்னும் வீடு வரலியா?" என்று இன்னொருத்தி. உடம்பு இளைக்க நடக்கிறேன் என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. பதில் வேண்டுமே என்று கடைவீதி வரை போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் மறுபடியும் கறிவேப்பிலை. அதற்கு மறுநாள் ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சர்க்கரை தூக்கலாகக் காப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்துவிட்டு வந்தார்.

வாரம் முடிவதற்குள் அவர் கணவருக்கு ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "வேல வெட்டி இல்லாம என் பொண்டாட்டி ரோடு ரோடா சுத்துறான்னு பேர் வாங்கித் தரப்போறியா? நடக்கணும்னா வீட்டுக்குள்ள நட" என்றார். அவர்கள் வீட்டுக்குள் நடப்பதென்றால் அடுப்பங்கரையிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து அடுப்பங்கரைக்கும்தான். அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து நடந்துகொண்டிருக்கிறார். செருப்பு துணிப்பைக்குள் போயிற்று.

நான் கத்தினேன். "செத்துப்போவீங்க அண்ணி. டாக்டர் சொன்னது காதுல விழுந்துதா இல்லியா?"

"விழுந்துதும்மா. எனக்கோசரம் எல்லாரும் வாயத் தொறந்து பதில் சொல்லணுமே."

பிறகு சில நாள் கழித்துப் பார்த்தால், விடிகாலையில் அண்ணி கீழ வீதியில் நடந்துகொண்டிருக்கிறார். ஈரத்தலையில் துண்டு, நெற்றி நிறைய குங்குமம், கையில் ஒரு தேங்காய். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று தேர் ஓடும் நாலு வீதியும் கோயிலைச் சுற்றி வருகிறார். அதே வாசல் தெளிக்கிற பெண்கள் இப்போது ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கணவர் தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு ஆபீஸ் போனார்.

"வேண்டுதல்னு சொல்லிட்டேன்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு குறும்பைப் பார்த்தேன்.

"சரியான ஆளு அண்ணி நீங்க! யாருக்கு வேண்டுதல்?"

"உனக்குத்தான். ஒன் வவுத்துல ஒரு புள்ள தங்கட்டும்னு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கு முந்தின வருஷம்தான் ஒன்று கலைந்து போயிருந்தது. அதை மறைத்து மூடி வைத்திருந்தேன். இப்போது தெருவே என் வயிற்றைப் பார்க்கிறது. குழந்தை இல்லாதவர் அவரும்தானே, தன் பெயருக்கு வேண்டிக்கொண்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். "எனக்கு வயசாயிப்போச்சு" என்றார். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது.

செருப்பு எங்கே என்று கேட்டேன். தோளில் தொங்கிய துணிப்பையைத் தட்டிக் காட்டினார். சாமி சுற்றும்போது யாராவது செருப்பு போடுவார்களா என்றார். கையை வீசி வேகமாக நடக்கச் சொன்னாரே டாக்டர் என்றதற்கு, பிரதட்சிணம் என்றால் நிறைமாசக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க் குடம் வைத்துக்கொண்டு நடப்பது போலத்தான் நடக்க வேண்டும், அதுதான் முறை என்றார். டாக்டர் சொன்ன நடையில் அண்ணியிடம் மிஞ்சியது கால் மட்டும்தான். அந்தக் காலுக்கும் செருப்பில்லை.

ஆனாலும் நடந்தார். நடக்காமல் இருப்பதற்கு இது தேவலை என்று நானும் விட்டுவிட்டேன். ரோட்டில் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும், பார்த்து நடங்கள் என்று தினமும் சொல்வேன். சரி என்பார்.

அடுத்த தை மாதம் நான் உண்டானேன். அது தங்கிற்று. பையன் பிறந்தான்.

அதிலிருந்து அண்ணியின் கால்கள் அண்ணிக்குச் சொந்தமில்லாமல் போயின. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் நிக்கணும், ஒரு சுத்து சேத்துக்குங்க." "பெரியவளுக்கு வரன் தெகையணும்க்கா." எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டில் ஓர் இளம்பெண் இருந்தார், கணவர் சிங்கப்பூர் போய் வெகுநாளாகத் தகவல் இல்லை. அவரும் ஒருநாள் கொல்லை வழியாக வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கோசரம் நான் எப்படிம்மா கோயிலச் சுத்துறது?" என்று அண்ணியே தயங்கினார்.

"நீங்க நடங்கக்கா. அது போய்ச் சேர்ற எடத்துக்குப் போய்ச் சேரும்" என்றார் அந்தப் பெண். அண்ணி அதற்கும் சரி என்றார்.

காலையில் நடந்தது போதாமல் சாயங்காலமும் நடந்தார். அதுவும் போதாமல் மத்தியானமும் நடந்தார். வேண்டுதல் பலித்தவர்கள் சும்மா இருப்பார்களா? சர்க்கரைப் பொங்கலும் நெய் சொட்டும் கேசரியும் பிரசாதம் என்று வாழையிலையில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பிடுங்கி வைப்பேன். "பிரசாதத்த வேணான்னு சொல்லக் கூடாதும்மா. சாமிக்குப் படைச்சதுல சர்க்கரை ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வார். பொட்டுப் பொட்டாகத்தான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுப் பொட்டு!

இத்தனைக்கும் அண்ணி இளைத்தார். அதுதான் எங்கள் கண்ணைக் கட்டியது. முதலில் வளையல் கழன்று முழங்கைக்கு ஓடியது. பிறகு ரவிக்கையை உள்ளே தள்ளித் தைத்தார். தாடை எலும்பு தெரிந்தது. குதிரை வண்டிக்காரர் அவரை முன்னால் தள்ளி உட்காரச் சொல்வதை நிறுத்திவிட்டார். தெருவே பூரித்துப் போயிற்று. நான் அம்மாவிடம் போய், "நடந்தே எளைச்சிட்டாங்கம்மா, நீயும் நடயேன்" என்று பீற்றிக்கொண்டேன். ஒரே தாகம் என்று அண்ணி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். வெயிலில் நடப்பதால் என்று நினைத்தோம். எப்போது பார்த்தாலும் அசதி என்றார். நடக்கிற அசதி என்று நினைத்தோம். டாக்டரிடம் ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "இந்த மண்டலம் முடியட்டும், நடுவுல விட்டா யாருக்கோ கொறையாப் போயிடும்" என்றார். ஒரு மண்டலம் முடிவதற்குள் இன்னொன்று ஆரம்பித்துவிடும். அவருக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடைக்கவில்லை.

பையன் பிறந்த மறுவருஷத்து அக்னி நட்சத்திரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பட்டப்பகலில் தெற்கு வீதியில் தார் இளகிக் கிடந்தது. சைக்கிள் போனால் டயர் ஒட்டும். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசல் நிழலில் நின்றிருந்தேன். அண்ணி வந்தார். நிறைமாசக் கர்ப்பிணியின் அதே மெதுவான நடை. காலை அவசரமாக எடுக்கவில்லை, நுனிக்காலால் குதிக்கவில்லை, ஓரத்து மண்ணுக்கு ஒதுங்கவில்லை. நடு ரோட்டில், தார் மேல், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் நடந்து வந்தார். வீடுகளிலிருந்து பெண்கள் வாளியோடு ஓடி வந்து அவருக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் ஊற்றினார்கள்.

"எதுக்குத் தண்ணிய வீணாக்குறீங்க? எனக்குச் சுடவே இல்ல" என்றார் அண்ணி.

ஒரு கிழவி அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மற்றவர்களும் கையெடுத்தார்கள். அண்ணி கூச்சத்தோடு என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். "நெஜமாத்தாம்மா சொல்றேன். இப்பல்லாம் காலு வலிக்கிறதே இல்ல. சாமி தாங்குறாரு." எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. டாக்டர் பயமுறுத்தியதெல்லாம் வெறும் பேச்சு, இவருக்கு ஒன்றும் வராது என்று நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். கால்மேல் கால் போட்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளங்கால் என் கண்ணுக்கு நேராக இருந்தது. குதிகாலில் ஏதோ பளபளவென்று தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மாட்டு லாடத்தில் அடிக்கிற ஆணி. தலை மட்டும் வெளியே தெரிந்தது, மீதி முழுதும் உள்ளே இருந்தது. சுற்றிலும் சதை கறுத்துப் போயிருந்தது.

"அண்ணி, காலுல ஆணி!"

"எந்தக் காலுல?" என்று கேட்டார். தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

அவருக்குத் தெரியவே இல்லை. எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டு நாலு வீதி சுற்றினாரோ, யாருக்காகச் சுற்றினாரோ. நான் ஓவென்று அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து, "வலிக்கல, அழுவாத" என்றார். அவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை கூடியது.

மறுநாள் காலையில் என் கணவரும் நானும் அவரைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காலில் துணி சுற்றியிருந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் அந்த எடை மெஷின் கண்ணில் பட்டுவிட்டது. வேண்டாம் என்றால் கேட்கவில்லை, நொண்டிக்கொண்டே ஏறினார். அட்டை விழுந்தது. எடையைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரித்தார். "பாத்தியா? டாக்டர் சந்தோஷப்படுவாரு" என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டார். பின்பக்கத்து ஜோசியத்தை அன்றைக்கு அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

டாக்டர் குழாயைக் காய்ச்சினார். நீலம் நிற்கவே இல்லை, நேராகச் செங்கல்லுக்குப் போனது. கால் துணியைப் பிரித்தார். குனிந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தார்.

அண்ணி முந்தானையை அவிழ்த்து அட்டையை நீட்டினார். "எளைச்சிட்டேன் டாக்டர்."

அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் மெதுவாகச் சொன்னார். "இது நடந்து எளைச்ச எளைப்பு இல்லப்பா. சர்க்கரை உள்ளருந்து கரைச்சிட்டிருக்குது. காலுக்கு உணர்ச்சி போய் ரொம்ப நாளாச்சு. அதான் சுடல, அதான் வலிக்கல." பிறகு அண்ணியிடம் திரும்பினார். "வெறுங்கால்ல நடக்காதீங்கன்னு சொன்னேனே அம்மா. செருப்பு வாங்கலியா?"

அண்ணி அவசரமாகத் துணிப்பையைத் திறந்து செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீல வாரில் ஓர் அழுக்கு இல்லை. "வாங்குனேன் டாக்டர். நடக்கறப்ப ஒரு நாளும் எடுக்காமப் போனதில்ல."

டாக்டர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் கலங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விஷம் கணுக்காலைத் தாண்டிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் பிழைக்கும், அதுவும் நிச்சயமில்லை என்றார்கள். அண்ணியின் கணவர் கையெழுத்துப் போட்டார். அண்ணி அழவில்லை. யார் யாருக்கு எத்தனை சுற்று பாக்கி இருக்கிறது என்று என்னிடம் ஒப்பித்தார். துணிக்கடை வீட்டுப் பெண்ணுக்குப் பாதிதான் ஆகியிருக்கிறது, கணவரிடமிருந்து தகவல் வந்துவிட்டதா என்று விசாரிக்கச் சொன்னார். சிதம்பரத்திலிருந்து பார்க்க வந்த ஒருத்தி வெளியே போகும்போது, "பாக்கிய யாரு முடிக்கிறது? பாதியில நின்னா எங்களுக்கு ஆவாதே" என்று என்னிடம் கேட்டாள். நான் அவளுக்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

காலை எடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. அப்புறம் அவர் யாரையும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

பையனைச் சிதம்பரத்தில் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். அவனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கோயிலுக்கு ஓடினேன். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. ஆனால் இத்தனை பேருக்காக நடந்தவருக்கு யாராவது ஒருத்தி ஒரு தேங்காயாவது உடைக்க வேண்டாமா என்று இருந்தது. வழியில் தேங்காயும் பூவும் வாங்கித் தட்டில் வைத்து நீட்டினேன். அண்ணிக்கு எப்போதும் அர்ச்சனை செய்கிற அதே தீட்சிதர்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நட்சத்திரம்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டை, திருவோணம், சதயம், அனுஷம், பரணி எல்லாம் அண்ணியின் குரலில் காதில் ஓடுகின்றன. அண்ணியுடையது மட்டும் இல்லை. "யாருக்கும்மா?" என்று தீட்சிதர் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நானும் எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். அவா சொன்னதே இல்லையே" என்றார். "ஆத்துல கேட்டுண்டு வாங்கோ, நான் இருக்கேன்."

அண்ணி வீட்டுக்கு ஓடினேன். மாற்றுத்துணி எடுக்க அன்று காலையில்தான் அண்ணியின் கணவர் ஊருக்கு வந்திருந்தார். கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "கல்யாணத்துக்கு ஜாதகம் பாத்தாங்க. அப்பறம் கறையான் தின்னுடுச்சு. ஆயில்யமோ, மகமோ, சொன்ன ஞாபகம்... தெரியலியேம்மா. அவ சொல்லவே இல்லியேம்மா" என்றவர், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் தன்னுடைய கேட்டையை மாதம் தவறாமல் சாமியிடம் கொண்டுபோய்ச் சொன்ன மனைவியின் நட்சத்திரம் அவருக்குத் தெரியாது. கடலூரில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தம்பிக்கும் தெரியாது என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு அம்மா அப்பா இல்லை. தெரிந்த ஒரே ஆள் நினைவில்லாமல் கிடந்தார்.

திரும்பிப் போய்த் தீட்சிதரிடம் சொன்னேன்.

"பரவாயில்லை. தெரியாட்டா சுவாமி பேருக்கே பண்ணிடறது வழக்கம்" என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மந்திரம் கேட்டது. சாமியின் பெயரைச் சொல்லிச் சாமிக்கே அர்ச்சனை நடந்தது. அண்ணிக்கு என்று நான் கொண்டுபோன ஒரே தேங்காய், அதுவும் அவர் பெயருக்குப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டார். பக்கத்திலிருந்த யாரோ உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டி, திதியைப் பார்த்துச் சொன்னார்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வருஷம் தவறாமல் அந்தத் திதியில் இலை போட்டுப் படைக்கிறோம். அவர் பிறந்த நட்சத்திரம் இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.